புத்தகத்தில் அப்படி இல்லை என்று சொன்ன மகளுக்கு

அன்புள்ள மகள் கோமதிக்குச் சித்தப்பா எழுதுவது.

நீயும் உன் அம்மாவும் சித்தியும் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறீர்கள். வீட்டில் நானும் கயிறு கட்டிய உன் பெட்டியும்தான் உட்கார்ந்திருக்கிறோம். நாளைக் காலை ரயிலில் நீ தர்மபுரிப் பக்கம் ஒரு ஊருக்குப் போகிறாய். அங்கே நூலகத்தில் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சங்கரன்கோவிலில் இருந்து இப்படி ஒரு வேலைக்குப் போகிற முதல் பெண் நீதான் என்று ரத வீதி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையா என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் வேறு யாராவது கிடைத்துவிடுவார்கள், பிறகு நன்றாக இருக்காது. இந்தக் கடிதத்தை நீ எப்படியும் கையில் பென்சிலோடுதான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள். நடந்த விஷயத்தைத் திருத்தாதே. அது எனக்கு நடந்த விதத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் நீ ஒன்று கேட்டாய். "சித்தப்பா, அங்கன ஞாயித்துக்கெழமன்னா பிள்ளைக எல்லாம் டி.வி. இருக்குற வீட்டுல போயி உக்காந்துருவாங்களாம். நூலகத்துக்கு ஒருத்தரும் வரலைன்னா நான் என்ன செய்ய?" என்றாய். வாயில் இட்லி இருந்ததால் "வருவாங்கட்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனாய். அந்தத் தலை எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் எல்லோர் தலையையும் குனிய வைத்த பெண் நீ. அதனால் முழுப் பதிலையும் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன் என்று உன் சித்தி எல்லோரிடமும் சொல்லுவாள். ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்திருக்கிறேன், கணக்குப்படி அது ஆறு. இந்த விஷயத்தில் உனக்குப் பதில் சொல்ல அது போதும்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ராயகிரியில் என் அண்ணன், அதாவது உன் அப்பா, காலமான பிறகு உன்னையும் என் மதினியான உன் அம்மாவையும் இங்கே கூட்டி வந்தேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவை இழந்த பிள்ளை பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும், தேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்து நானும் சித்தியும் தயாராக இருந்தோம். நீ வந்த அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றாய். மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கரும்பலகையில் போட்ட கணக்கு தப்பு என்றாய். அடுத்த மாதம் எதிர்வீட்டுக்காரி தன் வயதைச் சொன்னபோது, "போன மாசம் வேற சொன்னீங்களே" என்றாய். உன் அம்மா வெட்கத்தில் குறுகிப் போவாள். தெருவில் உன்னோடு விளையாட ஒரு பிள்ளை வரவில்லை. எவளும் தன் தப்பைக் காட்டுகிறவளோடு பாண்டி ஆடமாட்டாள். சாயங்காலம் ஆனால் நீ தனியாக நூலகத்துக்குப் போய், அங்கே மூலையில் இருந்த கண்ணாடி பீரோவின் முன்னால் நிற்பாய்.

அந்த பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் நம் ஊர் நூலகத்தின் சிறுவர் பிரிவு. உள்ளே படம் போட்ட புத்தகங்கள், வெளியே பூட்டு. புத்தகம் தொலைந்தால் நூலகரின் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதனால் பிள்ளைகள் கண்ணாடி வழியாக அட்டையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். நூலகர் பீர்முகம்மது சார் கடையநல்லூரில் இருந்து தினமும் ரயிலில் வருகிறவர். அவர் வீட்டில் மற்ற ஆண்பிள்ளைகள் எல்லாம் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். "அண்ணன் தம்பி எல்லாம் துபாய்ல, இவன் மட்டும் தூசியில" என்று அவருடைய அம்மா சொல்லிக் காட்டுவார்களாம். ஆனாலும் மேலிடத்துக்கு எழுதி எழுதி அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை வாங்கியவர் அவர்தான். வாங்கிய பயத்தில் பூட்டியவரும் அவர்தான்.

ஒருநாள் அவர் என் மைக் செட் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை. மாவட்டத்தில் இருந்து தகவல் வந்திருக்கிறது, நம் ஊரில் பிள்ளைகள் யாரும் அந்தப் புத்தகங்களைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், நிலைமை இதுதான் என்றால் பீரோவும் புத்தகமும் வேறு ஊருக்குப் போய்விடும் என்றார். "ஞாயித்துக்கெழம காலையில கதை நேரம்னு ஒண்ணு நடத்தலாம்னு பாக்கேன் வே. நாலு தெருவுல மைக்குல சொல்லிருவேரா?" என்று கேட்டார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகளை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுத் தாயிடம் சேர்க்கிறவன் நான். என்னிடம் போய் நாலு தெரு என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு. "ஊரையே கூட்டிட்டு வாரேன், நீரு இடம் மட்டும் பாத்து வையும்" என்றேன்.

குதிரை வண்டியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நீயும் பக்கத்தில் ஏறிக்கொண்டாய். சார் எழுதிக் கொடுத்திருந்த வாசகத்தை முதல் தெருவில் அப்படியே சொன்னேன். சிறுவர் நூற்பிரிவின் சார்பில் கதை நேரம் நடைபெறும், பெற்றோர் தத்தம் குழந்தைகளுடன் வருகை தந்து பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. எனக்கோ தொழில் மானம். இரண்டாவது தெருவில் அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, "நமது சங்கரன்கோவில் நூலகத்திற்கு ஒரு சிங்கம் வந்திருக்கிறது, ஞாயிறு காலை அனைவரும் பார்க்கலாம், அனுமதி இலவசம்" என்றேன். பீரோவில் சிங்கப் படம் போட்ட புத்தகம் ஒன்று இருந்தது, அதனால் அது பொய் இல்லை. கதவெல்லாம் திறந்தது. குதிரைக்கே கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டம் தபசுக் கூட்டத்தில் பாதி இருக்கும். நீ இல்லை என்பாய். எழுதுவது நான். கைப்பிள்ளையோடு தறிக்காரத் தெருப் பெண்கள், வயலில் இருந்து அப்படியே மண்வெட்டியோடு வந்தவர்கள், இளையரசனேந்தலில் இருந்து ஆட்டுக்காரர் ஒருவர். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு, "சிங்கத்தக் கட்டித்தான போட்டுருக்கு? எங்க ஆட்டுக்கெடைக்கு வந்துராதுல்லா?" என்று சாரைக் கேட்டார். பீர்முகம்மது சார் என்னைத் தனியாக இழுத்துப்போய், "என்னவே சொல்லி வச்சீரு? நான் எங்கன போயி சிங்கத்தக் கொண்டார?" என்றார். நான் அவர் சட்டைப் பையில் இருந்த சாவியை எடுத்து பீரோவைத் திறந்து, புத்தகத்தை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினேன். "ஏ, இதுக்கா வேலையப் போட்டுட்டு வந்தோம்?" என்று ஒருத்தி எழுந்தாள். உட்காரு தாயே, இந்தச் சிங்கத்தின் கதையைக் கேட்டுவிட்டுப் போ என்று மைக்கைப் பிடித்தேன்.

எனக்கு வாசிக்க வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஓடுகிற ரயிலில் இருந்து சினிமா போஸ்டரைப் படிக்கிறவன். சின்ன எழுத்துதான் என்னோடு ஒத்துப்போகாது. அதனால் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு மனசில் வந்ததைச் சொன்னேன். சிங்கத்துக்குப் பல்வலி என்று அட்டைப் படத்திலேயே தெரிந்தது, கன்னத்தில் துண்டு கட்டியிருந்தது. மேலே நான் கட்டினேன். அந்தச் சிங்கம் தென்காசிப் பக்கம் மலையில் இருந்து இறங்கி, காலைப் பாசஞ்சரில் டிக்கெட் எடுத்து ஏறி, நம் ஸ்டேஷனில் இறங்கி, எல்லா வலிக்கும் பூசுகிற நம் கோவில் புற்றுமண்ணை ஈறில் தடவிக்கொண்டு, பிரகாரத்தில் கண்ணை மூடிப் படுத்தது. மண்வெட்டிக்காரர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அப்போதுதான் என் முழங்கைக்குக் கீழே இருந்து ஒரு குரல் வந்தது. மைக் அதையும் சேர்த்து ஊருக்குச் சொன்னது.

"சித்தப்பா, அதுல அப்படி இல்ல."

"பின்ன எப்படிட்டி இருக்கு?"

"ரயிலே இல்ல. கோயிலும் இல்ல. நீங்க வந்ததுல இருந்து பக்கத்தத் திருப்பவே இல்ல."

சிரிப்பில் கூரை பறந்தது. "ஏ மைக் செட்டு, பிள்ள மாட்டி விட்டுட்டுல்லா" என்று பின்னால் இருந்து ஒருத்தன் கத்தினான். மதினி ஓடி வந்து உன் தொடையைக் கிள்ளினாள். நான் அந்த இடத்தில் என்ன செய்தேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். வேறு ஆளாக இருந்தால் உன்னை வெளியே அனுப்பியிருப்பான். நான் மைக்கை இறக்கி உன் வாய்க்கு நேராக வைத்து, "அப்ப நீயே வாசி" என்றேன். என் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை எழுதத் தேவையில்லை. நீ வாசித்தாய். புத்தகத்தில் இருந்த சிங்கம் காட்டைவிட்டு எங்கும் போகவில்லை. ஓர் அணில் வந்து பல்லைப் பிடுங்கியது, அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் நீ வாசிப்பதைக் கேட்பதைவிட, எங்கெங்கே நான் பொய் சொன்னேன் என்று விரல்விட்டு எண்ணுவதில் மும்முரமாக இருந்தார்கள். வாசித்து முடித்ததும் பிள்ளைகள் உன்னைச் சுற்றி நின்று, புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்டார்கள். ஊருக்கு வந்த பிறகு உன்னைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றது அன்றுதான்.

அதில் இருந்துதான் அந்த யோசனை. பீர்முகம்மது சார் அது தன்னுடைய யோசனை என்பார், நீ உன்னுடையது என்பாய். உங்கள் இருவருக்கும் வயதில் மூத்தவன் நான், ஆகவே அது என்னுடையது. ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்லுவேன். நடுநடுவே பொய் கலப்பேன். பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, அடுத்த ஞாயிறு வந்து எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று காட்டி என்னைப் பிடிக்க வேண்டும். ஒரு புத்தகம் ஒருவர் வீட்டுக்குத்தானே போகும் என்றாய் நீ. அதனால் அடுத்தடுத்து வேறு புத்தகங்களின் கதையையும் கலந்து சொல்ல ஆரம்பித்தேன். பீரோவில் இருக்கும் எந்தப் புத்தகத்தில் இருந்து எதை எடுத்தேன் என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் படிக்க வேண்டியதாயிற்று. சார் மட்டும் சாவியை விடமாட்டேன் என்றார்.

"பூட்ட எடுத்தா நாளைக்கு அட்டைதான் வே மிஞ்சும். எனக்கும் குடும்பம் இருக்கு."

"காணாமப் போன பிள்ளையவே கண்டுபிடிச்சிக் குடுக்கேன். காணாமப் போன புத்தகத்தக் குடுக்க மாட்டனா? மைக்குல பேரச் சொன்னா எவன் வீட்டுலயும் சோறு எறங்காது."

அவர் அரை நாள் யோசித்து, கடையநல்லூர் ரயில் வருகிற நேரத்துக்குச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பது வயதுப் பெண்ணிடம் ஏன் கொடுத்தீர் என்று கேட்டதற்கு, "உம்ம கையில குடுக்கச் சொல்லுதீரா?" என்றார். இதை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

புத்தகங்கள் தெருத் தெருவாகப் போயின. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் பிள்ளைகள் கத்தி வாசிப்பார்கள், அம்மாக்கள் நூல் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். நம் வீட்டில் மதினி உன்னைக் கிள்ளுவதை விட்டுவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் நான் ஒன்றை யோசிக்கவில்லை. ஒரு பெரிய ஆளைப் பொய்யில் பிடிப்பது எவ்வளவு இனிப்பு என்று ஒரு தடவை தெரிந்துகொண்ட பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளாது. வீட்டிலும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா ஏதாவது சொன்னால் "எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார்கள். உனக்கு அது பிறவிக் குணம், நாங்கள் பழகிவிட்டோம். மற்ற வீடுகளுக்குப் புதிது.

நாலு தறி வைத்திருக்கும் சுப்பையா அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மகள் செல்வியைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நூலக வாசலுக்கு வந்தார். இளவயதில் குற்றாலத்தில் அருவியை எதிர்த்து மேலே நீந்தி ஏறியதாக அவர் கல்யாணம் ஆன நாளில் இருந்து வீட்டில் சொல்லி வந்திருக்கிறார். செல்வி நதிகளைப் பற்றிய புத்தகத்தை விரித்து, அருவியில் மேலே நீந்தி ஏற மனிதனால் முடியாது என்று அம்மா முன்னால் வாசித்துக் காட்டிவிட்டாள்.

"இத்தன வருசமா நம்பிக்கிட்டு இருந்தவ, இப்பம் என்னயப் பாத்துச் சிரிக்கா" என்றார். "பெரியவங்கள எதுத்துப் பேசப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குற எடம் வே இது. எங்க தெருவுல ஒரு பிள்ள இனி இங்கன வராது, பாத்துக்கிடும்."

நான் உட்காரச் சொல்லவில்லை. நானும் வாசலிலேயே நின்று பதிலுக்குப் பேசினேன், நன்றாகவே பேசினேன், அதுதான் கெட்டுப் போனது. அவர் சொன்னபடி செய்தார். அடுத்த ஞாயிறு தறிக்காரத் தெருப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. அதைப் பார்த்து மற்ற தெருக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். நீயும் இன்னும் சிலரும் மட்டும் என் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள், எனக்குப் பொய்கூட வரவில்லை. அந்த வாரம்தான் அதிகாரி வருகிற தேதி தெரிந்தது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள் என்று சார் எழுதியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன் என்று அதிகாரி சொல்லிவிட்டார். சார் ரயிலுக்குப் போகாமல் பீரோ முன்னால் உட்கார்ந்திருந்தார். நீ அவரிடம், "பீரோவக் கொண்டு போயிருவாங்களா சார்?" என்று கேட்டாய். அவர் உன்னிடம் பொய் சொல்ல முயற்சி செய்தார். நீ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பாதியில் நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் நீ சொன்னாய், "சித்தப்பா, பிள்ளைக கேக்குறதுல அண்ணாச்சிக்குக் கோவம் இல்ல. உங்களக் கேட்டா ஊரு கைதட்டுது, அவரக் கேட்டா வீடு சிரிக்குது. அதான் கோவம்." இந்த வரியை மட்டும் உன்னுடையது என்று ஒத்துக்கொள்கிறேன். மறுநாளே குதிரை வண்டியைப் பிடித்து, குழாயைத் தறிக்காரத் தெருவுக்கு நேராகத் திருப்பி வைத்து அறிவித்தேன். வருகிற ஞாயிறு முதல் நூலகத்தில் பிள்ளைகளின் அப்பாக்களும் அம்மாக்களும் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்லலாம், எவ்வளவு பொய் வேண்டுமானாலும் கலக்கலாம், பிள்ளைகளிடம் கடைசிவரை மாட்டாதவருக்கு மாலை மரியாதை. "சுப்பையா அண்ணாச்சி அவர்களுக்குக் கதை சொல்ல வராது என்பதால் அவரை யாரும் வற்புறுத்த வேண்டாம்" என்று முடித்தேன். தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. அண்ணாச்சி வாசலுக்கு வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்தார். குதிரைக்காரன் கேட்காமலேயே வேகமாக ஓட்டினான்.

அதிகாரி வந்தபோது வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்பு கிடந்தது. ஒல்லியான மனிதர், அக்குளில் தோல் பை. உள்ளே நாற்காலியில் சுப்பையா அண்ணாச்சி. ஆற்றுக்குக் குளிக்கப் போகிற யானையின் கதை சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு விழுந்திருந்தது. அவர் அதைத் தன் தாத்தாவின் தறிக்குக் கொண்டுபோய்விட்டார். தாத்தா அந்த யானைக்குச் சட்டை நெய்தாராம். நாலு காலுக்குக் கை வைத்தாயிற்று, தும்பிக்கைக்கு ஒரு கை வைப்பதா வேண்டாமா என்று தெருவே கூடிப் பேசியதாம். இந்த மனிதர் இத்தனை நாள் அருவியோடு நின்றுகொண்டாரே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அதிகாரி பீர்முகம்மது சாரிடம் மெதுவாக, "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டார்.

சார் என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன். "பொய் சொல்லிக்கிட்டு இருக்கோம் சார். உக்காருங்க."

"அதுல சட்டையே இல்ல மாமா" என்று ஒரு பையன் எழுந்தான்.

"குளிக்கப் போகையில சட்டையக் கழத்தித்தானலே வைக்கும்? படத்துல எப்படித் தெரியும்?"

அதிகாரி பையைக் கீழே வைத்தார். அப்போது செல்வி எழுந்தாள். அவள் கையில்தான் அந்தப் புத்தகம் இருந்தது. "எந்தப் பக்கத்துலப்பா கழத்துச்சு?" என்றாள். அண்ணாச்சி வாயைத் திறந்தார். அவர் மனைவி பெண்கள் பக்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அவர் மகளைப் பார்த்தார், அவள் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "தெரியல மக்கா. நீ வாசி, கேப்போம்" என்றார். செல்வி வாசித்தாள். தறிச் சத்தம் இல்லாத இடத்தில் தன் மகள் வாசிப்பதை அந்த மனிதர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் ஒருவரும் அதன்பிறகு தன் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்கவில்லை.

கடைசியில் அதிகாரி சிறுவர் பிரிவைப் பார்க்க வேண்டும் என்றார். நீ சாவியைக் கொண்டு வந்தாய். சார் பீரோவைத் திறந்தார். தட்டுகளில் விரித்த பழைய செய்தித்தாளைத் தவிர ஒன்றும் இல்லை. காலையில் வந்த கூட்டத்தில் எல்லாவற்றையும் பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள்.

"புத்தகங்கள் எங்கே?" என்றார் அதிகாரி.

"பிள்ளைக கையில இருக்கு சார்" என்றார் நம் சார்.

"எல்லாமா?"

"ஐயா, மைக்குல ஒரு சத்தம் குடுக்கட்டா? உடனே கொண்டாந்து அடுக்கிருவாங்க" என்றேன்.

அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வெறும் தட்டில் கிடந்த செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தார். "இதை வேறு ஊருக்கு மாற்றுவதைப் பற்றி முடிவு செய்யத்தான் வந்தேன்" என்றார். "எடுத்துக்கொண்டு போக இதில் ஒன்றும் இல்லையே." பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். பொங்கலுக்கு முன்னால் இரண்டாவது பீரோ வந்தது. அதை லாரியில் இருந்து நான் ஒற்றை ஆளாக இறக்கினேன். கூட நாலு பேர் கை வைத்தார்கள் என்பது வேறு.

இது பூராவும் உனக்குத் தெரிந்த கதை, எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். உனக்குத் தெரிந்தது நீ இருந்த பக்கத்துக் கதை. மகளே, நீ தப்புக் கண்டுபிடித்தே வளர்ந்தவள். போன மாதம் சாருக்குப் பதிலாக நீ நாற்காலியில் உட்கார்ந்து கதை சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள், மரியாதையாக எழுந்து போனார்கள். ஒருத்தனும் உன்னை எதிர்த்து எழவில்லை. எழ நீ இடம் வைக்கவில்லை. இனி நீ நாற்காலியில் இருக்கிறவள். அங்கே இருந்துகொண்டு எல்லாம் சரியாகச் சொன்னால் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? தெரிந்தே தப்புச் சொல்ல எனக்கு இயல்பாக வரும், உனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். பழகிக்கொள். உன்னைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு பிள்ளை வீட்டுக்கு ஓடினால், அடுத்த வாரம் அது தனியாக வராது.

சுப்பையா அண்ணாச்சி அன்றைக்கு யானைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். திருப்பித் தரவில்லை. மூன்று ஞாயிறு மைக்கில் பெயர் சொல்லிப் பார்த்தேன். நாலாவது ஞாயிறு நேரில் போனேன். தறியை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தார். "இன்னும் நாலு பக்கம் இருக்கு, போவும் வே" என்றார். அவருக்கு அதுவரை எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதை நானே அன்றுதான் அறிந்தேன். சாரிடம் வந்து, புத்தகம் பத்திரமாக இருக்கிறது, கேட்காதீர்கள் என்றேன். சாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் வராவிட்டால் என்ன செய்ய என்று கேட்டாய் அல்லவா. டி.வி. இருக்கட்டும், அதைத் திட்டிக்கொண்டிருக்காதே. வந்த ஒரு பிள்ளைக்கு, தன் வீட்டில் போய்க் கேட்க ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பு. எந்த வீட்டிலாவது ஒரு அப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும். சண்டைக்கு வருகிறவன் தனியாக வரமாட்டான், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வருவான். நான் செய்ததுபோல அவனை வாசலில் நிறுத்திப் பதில் பேசாதே. உள்ளே கூப்பிடு. பெரிய ஆள் உட்காருகிற மாதிரி ஒரு நாற்காலியை முதல் நாளே வாங்கிப் போட்டு வை.

கடைத்தெருவில் இருந்து திரும்பி வருகிற உங்கள் பேச்சுச் சத்தம் தெருமுனையில் கேட்கிறது. சித்தி எதையோ அதிக விலைக்கு வாங்கிவிட்டாள் போல, நீ கணக்குச் சொல்லிக்கொண்டு வருகிறாய்.

உன் சித்தப்பா